கதவுக்குப் பின்னால் ஒரு கறுக் முறுக்

நான் சாப்பிட்டால் சத்தம் வரும். ஏதோ போனால் போகிறது என்று வரும் சத்தம் இல்லை, கம்பீரமாக வரும். அலுவலகத்தில் மதியம் எல்லாரும் டப்பாவைத் திறந்து ஒரே மேசையில் உட்காருவோம். நான் முதல் வாய் எடுத்து வைத்ததும் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு சற்று உரத்த குரலில் மறுபடி தொடங்கும். ரயில் பாலத்தின் மேல் போகும்போது பெட்டிக்குள் இருப்பவர்கள் குரலை ஏற்றிக்கொள்வார்களே, அது மாதிரி. டெல்லி துவாரகாவில் நாங்கள் இருக்கும் மாடியில் இன்னும் மூன்று குடும்பங்கள் உண்டு. அவற்றில் எங்களுக்கு நேர் எதிரே இருக்கும் பஞ்சாபி ஆன்ட்டிக்கு மட்டும் என் சாப்பாட்டு நேரம் தெரியாது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களாக அவருக்குக் காது கேட்பதில்லை. மெஷின் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

என் மனைவிக்குக் காது கேட்கும். கேட்கும் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடக் கூடாது. ஜனக்புரியில் ஒரு பள்ளியில் பல வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "கடைசி பெஞ்ச், ஜன்னல் பக்கம், சிப்ஸ் பாக்கெட்டை உள்ள வை" என்பாளாம். ஒருமுறை அந்தப் பையன் சிப்ஸ் இல்லை என்று சாதித்திருக்கிறான். "ஆமா, சிப்ஸ் இல்ல, புஜியா" என்று அந்த ஊர் ஓமப்பொடியைச் சொல்லித் திருத்திக்கொண்டாளாம். வகுப்பே எழுந்து கைதட்டியதாகக் கேள்வி. நான் கட்டிக்கொண்டது அப்பேர்ப்பட்ட காதை. என்னைப் போன்ற வாய்க்கு அப்பேர்ப்பட்ட காதைக் கட்டி வைத்த ஜோசியரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கத்திக் கத்திப் பாடம் எடுத்ததில் அவள் தொண்டை கெட்டது. குரலை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயர்த்தாத குரலை வைத்துக்கொண்டு டெல்லிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது ஆகிற காரியமா? வேலையை விட்டாள். அதற்கப்புறம் வீட்டில் அவள் இருந்த இருப்பை நான் விவரிக்கப்போவதில்லை. மசாலா டப்பாக்களை எழுத்து வரிசைப்படி அடுக்கினாள் என்று மட்டும் சொல்கிறேன், புரிந்துகொள்ளுங்கள்.

அப்போதுதான் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். மும்பையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாளாம். காது கேட்காதவர்களுக்காகத் தொடர்களின் அடியில் எழுத்து ஓடுமே, அந்த வேலை. பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு கிறீச்சிடுவது, தூரத்தில் இடி இடிப்பது, பக்கத்து அறையில் யாரோ விசும்புவது எல்லாவற்றையும் ஓரிரு சொல்லில் இங்கிலீஷில் எழுத வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். குரலே வேண்டாம், காதும் இங்கிலீஷும் போதும்.

"எனக்குன்னே வந்த வேலைங்க" என்றாள் என்னிடம். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பரிட்சையாக ஒரு எபிஸோடை அனுப்பினார்கள். லக்னோவில் ஒரு கூட்டுக் குடும்பம். அரை மணி நேரத்தில் அந்தக் குடும்பம் சாப்பிடுவதைத் தவிர வேறு எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. என் மனைவி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். சனிக்கிழமை காலை அந்தப் பெண் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேம், பேச்செல்லாம் ஃபர்ஸ்ட் க்ளாஸ். ஆனா சாப்பிடற எல்லா இடத்துலயும் 'ஈட்டிங் நாய்ஸிலி'ன்னு போட்டிருக்கீங்க. எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிடறாங்க மேம். இந்தக் கதைல அது சரிவராது. அந்தக் கதவு சீன் புரியவே இல்லைன்னு என் சீனியர் சொல்றாங்க. வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாம்னு சொன்னாங்க, நான்தான் கெஞ்சி வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன்."

சத்தமாகச் சாப்பிடுதல் என்றால் எல்லாம் ஒரே சத்தம் என்று என் மனைவி முடிவு கட்டியதற்கு நான்தான் காரணம். வீட்டில் அவளுக்குக் கிடைத்த முன்மாதிரி அது ஒன்றே.

அந்தக் கதவு சீனைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி. மருந்தைத் தொட மாட்டேன் என்று அடம். அவர் மருந்து சாப்பிடும் வரை நானும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று மாமியார் சபதம் போடுகிறார். வீடே நடுங்குகிறது. மத்தியானம் மருமகள் ஸ்டோர் ரூம் பக்கமாகப் போகிறாள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ எதையோ கடித்துத் தின்கிற சத்தம். மாமனார்தான் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று கதவைத் தட்டப் போகிறாள். அப்போது அவள் கண்ணில் படுகிறது, சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளர். டம்ளர் தண்ணீரில் மாமனாரின் பல்செட். பல் இங்கே இருக்கிறது என்றால் உள்ளே கடிப்பது யார்? மருமகள் டம்ளரைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள், மெல்லச் சிரிக்கிறாள். ஒரு வார்த்தை வசனம் இல்லை. எல்லாம் அந்தச் சத்தத்தில் இருக்கிறது. காது கேட்காதவர் அந்தச் சத்தத்தைக் கண்ணால் படித்து அதே இடத்தில் சிரிக்க வேண்டும். இதுதான் என் மனைவிக்கு வைத்த பரிட்சை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தன் பழைய தடியான அகராதியை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் முறுக்கு, கேரட், ரஸ்க், பொரித்த அப்பளம், ஒரு வெள்ளரிக்காய்.

"உட்காருங்க."

"டிபன் இட்லின்னு சொன்ன?"

"அப்புறம். இப்ப இதைச் சாப்பிடுங்க. ஒண்ணொண்ணா. நான் கேக்கணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'சத்தம் போடாம சாப்பிடுங்க' என்ற வாக்கியத்தை எத்தனை ராகத்தில் கேட்டிருக்கிறேன்! அன்றைக்கு அவளே எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் நல்லாக் கடிங்க" என்கிறாள். கச்சேரிக்கு முதல் முறையாக அழைக்கப்பட்ட வித்வான் போல நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முறுக்கைக் கடித்தேன்.

"க்ரன்ச்" என்றாள் கண்ணைத் திறக்காமல். அகராதியைப் புரட்டினாள். இந்தச் சொல்லுக்கு அம்மா அப்பா என்று யாரும் கிடையாதாம். கடித்தால் என்ன சத்தம் வருமோ அதையே எழுதி வைத்துவிட்டார்கள். ஆதியில் க்ரான்ச் என்று இருந்ததாம். மன்ச் என்று பக்கத்து வீட்டில் ஒரு சொல் இருந்ததால், அதோடு பழகிப் பழகி இதுவும் க்ரன்ச் ஆகியிருக்கலாம் என்கிறார்கள்.

"அந்த மன்ச்?"

"அதுவும் சத்தத்திலேர்ந்து பொறந்ததுதான். ஆனா வயசுல மூத்தது. வாயால சொல்லிப் பாருங்க, மன்ச். உதடு மூடித் தொடங்குதா? அது வாயை மூடிக்கிட்டு, சந்தோஷமா, நிதானமா மெல்றது. க்ரன்ச்ல உடையறது பண்டம். மன்ச்ல வேலை செய்யறது தாடை."

நான் அசந்துபோனேன். ஃபைல்களில் இங்கிலீஷ் எழுதியே தலை நரைத்தவன் நான். ஒரு சொல் வாய்க்குள் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

"சரி, மன்ச்சுக்கு ஒரு சாம்பிள் குடுங்க. வெள்ளரிக்காய்."

கடித்தேன். அவள் முகம் சுளித்தது.

"இல்ல. இது சாம்ப்."

கேரட்டைக் கடித்தேன். சாம்ப். ரஸ்க். சாம்ப். இட்லியே வந்து சேர்ந்தது. அதற்கும் சாம்ப் என்றாள். நான் எதைச் சாப்பிட்டாலும் வாய் திறந்திருப்பதால் அந்த ஒரே சத்தம்தான் வருகிறதாம். அகராதியைப் பார்த்தோம். சாம்ப் என்பது அமெரிக்காவில் திரிந்த உருவம்; மூலம் சேம்ப். குதிரை தன் வாயில் மாட்டிய இரும்பைப் பொறுமையில்லாமல் கடிக்கிறதே, அதற்குப் பேர்போன சொல்.

"பாத்தியா, குதிரை. நீ இத்தனை நாளா மாடுன்னு சொல்லிட்டு இருந்த. பதவி உயர்வு."

"குதிரைக்கு வாயில இரும்பு மாட்டியிருக்கும். அதையும் ஏற்பாடு பண்ணலாம்" என்றாள்.

அன்று பகல் முழுக்க அப்படியே போனது. ரசத்தை உறிஞ்சினால் ஸ்லர்ப். அது டச்சுக்காரர்கள் கொடுத்தது. கடாக் கடாக்கென்று எலும்பைக் கடிப்பது போலப் பல்லால் சுரண்டுவதற்கு 'நா' என்று இன்னொரு சொல், அதன் தலையில் உச்சரிக்காத ஒரு 'ஜி' சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் அதையும் உச்சரித்தார்களாம். உச்சரித்தால் நிஜமாகவே எலி கதவைக் கறம்புவது மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு விஷயம் மட்டும் ஆறவே இல்லை. வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று உலகத்துக்கெல்லாம் பாடம் எடுத்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள். அவர்கள் மொழியில் வாயைத் திறந்து தின்பதற்கு இத்தனை சொல்லா? யாரோ ஒருத்தர் மேசைக்கடியில் உட்கார்ந்து காலம் காலமாகக் குறிப்பெடுத்திருக்க வேண்டும். நம்மிடமும் குறைச்சல் இல்லை. கொறிக்கிறோம், நொறுக்குகிறோம், குதப்புகிறோம், அதக்குகிறோம், சப்புக்கொட்டுகிறோம். ஆனால் அவற்றை எழுதிக் கொடுத்தால் யாரும் சம்பளம் தருவதாகத் தெரியவில்லை.

இடையில் அவள் ஒன்று சொன்னாள். "நீங்க இடது பக்கம் கடிக்கறதே இல்ல. தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து. அந்தப் பக்கம் கடைவாய்ப்பல் சொத்தை. டாக்டர்ட்ட போங்க." போனேன். சொத்தைதான். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடித்ததை இவள் அடுத்த அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தாள்.

கதவு சீனுக்கு வருவோம். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் களைத்துப்போயிருந்தாள். க்ரன்ச் போடுவதா, மன்ச் போடுவதா, இரண்டும் இல்லையா என்று தெரியவில்லை. இங்கேதான் நான் என் மேதாவிலாசத்தைக் காட்டினேன்.

"மாஸ்டிகேட்டிங்னு போடு."

"என்னது?"

"பாரு, இதெல்லாம் ஒரு கம்பெனிக்கு அனுப்பற விஷயம். மன்ச், க்ரன்ச்னு சின்னப் பிள்ளைங்க மாதிரி எழுதினா மதிப்பாங்களா? மாஸ்டிகேட்டிங்னாலும் மெல்றதுதான், ஆனா அதுல ஒரு கௌரவம் இருக்கு. லத்தீன். அதுக்கு மேல கிரேக்கம். பல்லைக் கடிக்கறதுன்னு அர்த்தம். மென்னுகிட்டே இருக்கற ஒரு பிசின் இருக்காம், அதுக்கும் இதுக்கும் சொந்தம்."

மத்திய அரசில் நாங்கள் எதையும் இப்படித்தான் எழுதுவோம். 'மழை பெய்தது' என்று எழுதினால் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். நீளமான சொல்லாகப் பார்த்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். அந்த அனுபவ ஞானத்தைத்தான் அவளுக்கு அள்ளி வழங்கினேன். அவளும் அலுப்பில், "போட்டுத் தொலைக்கறேன்" என்று போட்டாள்.

ஆனால் அனுப்பவில்லை. அங்கேதான் அவள் டீச்சர். "நாமளே எழுதி நாமளே மார்க் போட்டா எப்படி? இதை யார் படிக்கப் போறாங்களோ அவங்ககிட்ட காட்டணும்" என்று லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஆன்ட்டி வீட்டில் மணி அடித்தால் ஹாலில் ஒரு சிவப்பு பல்பு எரியும். எரிந்ததும் வந்து திறந்தார். அவரோடு பேசுவது என்றால் செல்போனில் எழுதிக் காட்ட வேண்டும். பதிலை அவர் வாயால் சொல்வார், தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். என் மனைவி விஷயத்தை எழுதிக் காட்டினாள். ஆன்ட்டிக்கு ஒரே சந்தோஷம்.

"அரே வாஹ்! பேட்டா, நான் பார்க்கிறேன். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் சொல்வேன், டீக் ஹை?" என்று இந்தியில் முழங்கிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் இருவரும் பரிட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்தோம். கதவு சீன் வந்தது. 'மாஸ்டிகேட்டிங்' என்ற எழுத்து ஓடியது. ஆன்ட்டியின் புருவம் ஏறியது. நிறுத்தினார்.

"உள்ள டாக்டர் இருக்காரா?"

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததிலேயே நான் எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன்.

மறுநாள் அதை எடுத்துவிட்டு 'க்ரன்ச்சிங்' என்று போட்டுக் கொண்டுபோனாள். ஆன்ட்டி பார்த்தார். இந்த முறை நிறுத்தவில்லை. சிரிக்கவும் இல்லை.

"உள்ள கிழவர் திங்கறார். பல்லை மறந்து வெச்சுட்டுப் போயிட்டார், அதனால பொண்ணு சிரிக்கிறா. அச்சா ஹை, நல்லாத்தான் இருக்கு" என்றார், பெரிய மனது பண்ணி.

வீட்டுக்கு வந்து என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவங்க சொல்றது சரிதான். பல் இல்லாதவர் கடிக்க முடியாதுன்னு காதால கேட்டாத்தான் உறைக்கும். எழுத்துல ஒரு வார்த்தை சும்மா ஓடிப் போயிடுது. எனக்கு இது வராதுங்க. வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன்."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆண்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே சாம்பிளுக்காக வாங்கிய முறுக்கு டப்பா இருந்தது. துக்கத்தில் மனிதன் என்ன செய்வான்?

"அதை வைங்க! சாயங்காலத்துலேர்ந்து எத்தனையாவது முறுக்கு?" என்று ஹாலில் இருந்து குரல் வந்தது, டாக்டர் அனுமதித்த அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

வைத்துவிட்டேன். பிறகு அடுக்களைக் கதவு படாரென்று திறந்தது. அவள் நின்றாள்.

"திங்கறது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"எலியா இருக்கலாம்ல?"

"எலி இவ்வளவு அநாகரிகமா திங்காது."

"விளையாடாதீங்க. எங்க வேணும்னாலும், யார் யார் திங்கற கூட்டத்துல வேணும்னாலும், கண்ணைக் கட்டிவிட்டாலும் இது உங்க சத்தம்னு சொல்லிடுவேன். ஏன்? இத்தனை வருஷமா கேட்டிருக்கேன். அந்த மருமகளும் மாமியார் திங்கறதை தினமும் கேட்டிருக்கா. அதனாலதான் சிரிக்கிறா. ஆன்ட்டி கேட்டதே இல்லையே! நான் அவங்களை முன்னாடியே அதைக் கேக்க வெக்கணும்."

அவள் போய் உட்கார்ந்த வேகத்தில் நான் இன்னொரு முறுக்கை எடுத்தேன். அவள் கவனிக்கவில்லை. அப்போதுதான் காரியம் எவ்வளவு தீவிரமானது என்று எனக்கு உறைத்தது.

அவள் எபிஸோடை முதலிலிருந்து ஓட்டினாள். காதில் ஹெட்போன், கண் மூடி. கதவு சீனுக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டு சீனில் மாமியார் பப்பட் கடிக்கிறார். சுட்ட அப்பளம். சடசடவென்று, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பது மாதிரி. அங்கே இருந்த 'ஈட்டிங் நாய்ஸிலி'யை அழித்தாள். 'லவுட், ஹரீட் க்ரன்ச்சிங்' என்று எழுதினாள். காலை டீ சீனில் மாமனார் ரஸ்க்கைத் தோய்த்துப் பல் இல்லாத வாயில் போட்டுக்கொள்கிறார். இதற்கு என்ன சொல்?

"மம்பிள்" என்றாள் அகராதியைப் பார்த்தபடி. குரலில் ஒரு ஆச்சரியம். "மம்பிள்னா வாய்க்குள்ள முணுமுணுக்கறதுன்னுதானே நினைச்சிருந்தேன்? அந்தக் காலத்துல அதுக்குப் பல்லில்லாம மெல்றதுன்னும் அர்த்தம் இருந்திருக்குங்க. என்ன அழகு பாருங்க! கிழவர் சாப்பிடறாரா, திட்டறாரான்னே தெரியாது. ரெண்டுக்கும் ஒரே சொல்."

அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தபோது, வகுப்பில் எழுந்து கைதட்டிய பிள்ளைகள் ஏன் தட்டினார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் தட்டியிருப்பேன், கையில் முறுக்கு இருந்தது.

"அப்ப அதையே போடு."

"ம்ஹும். அழகா இருக்குங்கறதுக்காகப் போடக் கூடாது. இன்னைக்குப் படிக்கறவங்க கிழவர் ஏதோ முணுமுணுக்கறார்னுதான் நினைப்பாங்க." அந்தச் சொல்லை வெறும் சந்தோஷத்துக்காக இன்னொரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கைக்கு வந்த வைரத்தை இந்த இடத்தில் பொருந்தாது என்று திருப்பி வைக்கிற துணிச்சல் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. மாஸ்டிகேட்டிங்கே சாட்சி. பல்லின் ஈறைக் குறிக்கும் 'கம்' என்ற சொல்லையே வினையாக்கி, 'கம்மிங் சாஃப்ட்லி' என்று எழுதினாள். ஈறால் மெல்ல மெல்லக் குதப்புவது. மகன் சாப்பிடுவதற்கு மன்ச், மருமகள் டீ குடிப்பதற்கு ஸிப். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சத்தம். அந்த ஆள் எப்போது சாப்பிட்டாலும் அதே சொல். கதவுக்குப் பின்னால் மறுபடி 'லவுட், ஹரீட் க்ரன்ச்சிங்'. ஒரு எழுத்துகூட மாறாமல்.

ஒரு இடத்தில் அவளுக்குச் சந்தேகம். மகனுக்கு மன்ச்தானா? வாயை மூடித்தான் மெல்கிறானா? என்னிடம் திரும்பி, "நீங்க வாயை மூடி ஒரு தடவை சாப்பிட்டுக் காட்டுங்களேன், ஒப்பிட்டுப் பாக்கறேன்" என்றாள்.

முயன்றேன். அது சாதாரண விஷயம் இல்லை. உதட்டை மூடினால் தாடை நின்றுவிடுகிறது. தாடையை ஆட்டினால் உதடு திறந்துகொள்கிறது. சின்ன வயதில் ஒரு கையால் தலையைத் தட்டி இன்னொரு கையால் வயிற்றைத் தடவச் சொல்வார்களே, அதைவிடக் கஷ்டம். மறுநாள் அலுவலகத்தில் பயிற்சி எடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண் பிதுங்க, ஒரு சப்பாத்தியை மென்றுகொண்டிருந்தேன். மேசையில் பேச்சு நின்றது. எதிரில் இருந்தவர் கவலையோடு குனிந்து, "தபியத் டீக் ஹை நா?" என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். "வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். வாயைத் திறந்து பேசினால் பயிற்சி கெட்டுவிடுமே. அவர் மெதுவாகத் தன் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்து என் தட்டில் வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார். வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ஒரே ஒரு வெள்ளரித் துண்டை முறைப்படி மன்ச் செய்து காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இதேதான். மகனுக்கு மன்ச்தான்" என்று டிக் போட்டுக்கொண்டாள். எனக்குப் பாராட்டு எதுவும் இல்லை. வித்வானின் வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். எதிர் வீட்டுக்குப் போனோம். சிவப்பு பல்பு எரிந்தது. ஆன்ட்டி மூன்றாம் முறையாக அதே எபிஸோடைப் பார்க்க உட்கார்ந்தார். இரண்டு தரம் பார்த்த கதைக்கு யாராவது சிரிப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். அதுவும் அவருக்குக் கதை புரிந்துவிட்டதாக அவரே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டு சீன். 'லவுட், ஹரீட் க்ரன்ச்சிங்.' ஆன்ட்டியின் உதட்டோரம் அசைந்தது. "மேரி ஸாஸ் ஐஸே ஹீ காதீ தீ" என்றார். அவர் மாமியாரும் இப்படித்தான் தின்பாராம். காலை டீ. 'கம்மிங் சாஃப்ட்லி.' பல் இல்லாத கிழவரைப் பார்த்து "பேசாரா" என்று பரிதாபப்பட்டார். சபதம் வந்தது. வீடு நடுங்கியது. மருமகள் ஸ்டோர் ரூம் பக்கம் வந்தாள். மூடிய கதவு. அடியில் எழுத்து ஓடியது.

என் மனைவி திரையைப் பார்க்கவில்லை. ஆன்ட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்த பிடியில் நாலு நாளைக்குத் தடம் இருந்தது.

டம்ளர் வந்தது. பல்செட் வந்தது. ஆன்ட்டியின் கண் எழுத்துக்குப் போனது, டம்ளருக்குப் போனது, மறுபடி எழுத்துக்குப் போனது.

"அரே!" என்று சோபாவில் நிமிர்ந்தார். "யே தோ புடியா ஹை!" கிழவி! கிழவிதான் உள்ளே! திரையில் மருமகள் சிரிக்கத் தொடங்குமுன் ஆன்ட்டி சிரிக்கத் தொடங்கிவிட்டார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "விரதமாம் விரதம்! பப்பட் திங்கறா, பப்பட்!" என்று எங்களுக்குத் தெரியாத விஷயம் மாதிரி கதவைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பிறகு பின்னால் ஓட்டச் சொல்லி மறுபடி பார்த்து மறுபடி சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கெல்லாம் என் மனைவி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே, ஆன்ட்டியின் சோபாவில் உட்கார்ந்தபடியே, மும்பைக்கு அனுப்பினாள். டீ வந்தது. பதில் வரவில்லை. ராத்திரி வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. நான் என் பங்குக்கு, "சனி ஞாயிறு அவங்களுக்கு லீவா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி அவளை இன்னும் பயமுறுத்தினேன்.

திங்கட்கிழமை காலை, சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. மாவுக் கையோடு ஒரு விரலால் திறந்து படித்தாள். மறுபடி படித்தாள். என்னிடம் நீட்டினாள்.

கதவு சீனைப் பார்த்து சீனியர் சத்தம் போட்டுச் சிரித்தாராம். மிச்சம் இருக்கும் எபிஸோட் எல்லாவற்றையும் மேமே செய்ய முடியுமா, அடுத்தது இன்றைக்கே அனுப்பலாமா என்று கேட்டிருந்தாள் அந்தப் பெண்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அடுக்களையில் ஆள் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. எதிர் வீட்டுக் கதவும். மணியின் பொத்தானில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"அகலா எபிஸோட் கப் ஆயேகா? அடுத்தது எப்ப வரும்? அந்தக் கிழவி மாட்டிக்கிறாளா இல்லையா, அதை முதல்ல சொல்லு!"